நாலாவது ஆள்

யானையைப் பார்க்காமலே யானை பார்த்தவள் என்று பெயர் வாங்கி ஐம்பது வருஷம் ஓட்டியவர் உங்களில் யாராவது உண்டா? நான் ஓட்டியிருக்கிறேன். போன மாதம் திருநகர் பூங்காவில் காலை நடை முடிந்து, முழங்கால் வலியையும் மருமகள்களையும் பற்றிப் பேசித் தீர்த்த பிறகு, நீங்கள்தான் தேக்கடிப் பேச்சை எடுத்தீர்கள். வேன் பிடித்துப் போகலாம், காட்டுக்குள்ளேயே ஒரு ராத்திரி தங்கலாம், படகில் போனால் யானைக் கூட்டம் பார்க்கலாம் என்றீர்கள். "டீச்சர்தான் சின்ன வயசுலயே போனவங்களாச்சே, சொல்லுங்க டீச்சர்" என்று என்னைக் கேட்டீர்கள். நான் கால் மரத்துவிட்டது என்று சொல்லி எழுந்து வந்துவிட்டேன். பின்னால் நீங்கள் சிரித்தது காதில் விழாமல் இல்லை. அன்றைக்குச் சொல்லாத பதிலைத்தான் இப்போது எழுதுகிறேன். நேரில் சொன்னால் நடுவில் புகுந்து உங்கள் கதையை ஆரம்பித்துவிடுவீர்கள் என்பது தெரிந்ததுதானே.

நாங்கள் இருந்தது நாகமலை புதுக்கோட்டையைத் தாண்டி மேற்கே, தேனி ரோட்டை ஒட்டி ஒரு சின்ன ஊர். அந்த வருஷம் ஆடியும் ஏமாற்றியது, ஆவணியும் ஏமாற்றியது. கிணற்றில் மோட்டார் போட்டால் பத்து நிமிஷம் தண்ணீர் வரும், பிறகு இரைச்சல் மட்டும் வரும். கண்மாய்க்குள் நடந்தே அக்கரை ஏறிப் பள்ளிக்கூடம் போனோம். கருவேல மரத்தைத் தவிரப் பச்சையாக எதுவும் கண்ணில் படவில்லை. எனக்கு ஒன்பது வயது. எங்கள் ஊர்ப் பேச்சில் வயலுக்கும் காடு என்றுதான் பெயர். 'அப்பா காட்டுக்குப் போயிருக்காரு' என்றால் காய்ந்துபோன கடலைச் செடிக்கு நடுவில் தலையில் துண்டோடு நிற்கிறார் என்று அர்த்தம். வேறு காடு எனக்குத் தெரியாது.

அப்பாவின் அண்ணன், என் பெரியப்பா, டவுனில் இரும்புக்கடை வைத்து மேலே வந்தவர். திருநகரில் மாடி வீடு. அவருக்கு ஒரே மகள், என்னைவிட இரண்டு வயது மூத்தவள், எனக்கு அக்கா. அந்தப் புரட்டாசியில் பெரியப்பா கார் வாங்கினார். யாரோ ஓட்டிக் கழித்த அம்பாசடர்தான், ஆனாலும் எங்கள் வகையறாவிலேயே முதல் கார். அதை ஓட்டக் கோரிப்பாளையத்திலிருந்து ஒரு டிரைவரை அமர்த்தினார். கார் வாங்கிய கையோடு முதல் பயணமாகத் தேக்கடி போவதென்று முடிவாயிற்று. அங்கே மழைக்காடு இருக்கிறது, ஏரி இருக்கிறது, படகில் போனால் யானை தண்ணீர் குடிப்பதைப் பார்க்கலாம் என்று ஊரெல்லாம் பேச்சு.

காலாண்டு லீவு விட்ட அன்று பெரியம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார். வந்தவர் உட்காரக்கூட இல்லை.

"ஏத்தா, ஒம் மகளத் தேக்கடிக்குக் கூட்டிட்டுப் போறோம். ரெண்டு உடுப்பு எடுத்து வையி" என்றார் அம்மாவிடம்.

அம்மா கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். "ஒங்களுக்கு எதுக்குக்கா எடஞ்சலு?"

"எடஞ்சல் என்ன எடஞ்சலு. நம்ம புள்ளதானே."

நம்ம புள்ளதானே. இந்த வார்த்தையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

என்னை எதற்குக் கூட்டிப் போகிறார்கள் என்று நானே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டேன். நாலாம் வகுப்பில் நான்தான் முதல் மார்க். கோயில் கும்பிடு அன்று பெரியப்பா என் கையெழுத்தைப் பார்த்து, "அட, அச்சடிச்ச மாதிரி எழுதுதே கழுத" என்று சொல்லியிருந்தார். அந்த ஒரு சொல்லை வைத்து நான் ஒரு மாளிகையே கட்டிவிட்டேன். நன்றாகப் படிக்கிற பிள்ளைக்குப் பெரியப்பா தருகிற பரிசு இது என்று வகுப்பில் சொன்னேன். டீச்சரிடமும் சொன்னேன். யானையைப் பார்த்துவிட்டு வந்து கட்டுரை எழுதிக் காட்டுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

அம்மா தன்னுடைய மஞ்சள் பட்டுச் சேலை ஒன்றை வெட்டி எனக்குப் பாவாடை தைக்கக் கொடுத்தாள். அவளிடம் இருந்தது மொத்தம் இரண்டு பட்டு. வேண்டாம் என்று அப்பா சொன்னதற்கு, "காரில போற புள்ள கந்தலக் கட்டிட்டுப் போகுமா?" என்று சண்டைக்குப் போனாள். ஒரு தகர டப்பா நிறைய கடலை உருண்டை பிடித்தாள். அந்த டப்பா அவள் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்தது. மூடியில் மயில் படம், மயிலின் கழுத்தில் மட்டும் நீலம் உரிந்து தகரம் தெரியும்.

கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலமே அப்பா என்னைத் திருநகருக்குக் கொண்டுவந்து விட்டார். தேனி ரோட்டில்தானே எங்கள் ஊர், போகிற வழியில் ஏற்றிக்கொள்ளலாமே என்று அவர் கேட்டுப் பார்த்தார். பெரியம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "இல்ல இல்ல, வீட்லருந்தே வண்டில ஏறட்டும்" என்று பிடிவாதமாக நின்றார். என்மேல் எம்புட்டுப் பாசம் பார் என்று நான் நினைத்தேன். விடிந்தும் விடியாத நேரத்தில் எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு கார் நகர்ந்தது. அதற்கு முன்னால் பெரியம்மா எங்களை வாசற்படியில் வரிசையாக நிறுத்தி, விரலை நீட்டி எண்ணினார். அதையும் பாசம் என்றே எடுத்துக்கொண்டேன்.

எங்கள் ஊர் விலக்கில் அம்மா நின்றுகொண்டிருந்தாள். கார் நிற்கும், தலையைத் தடவி அனுப்பலாம் என்று நினைத்து வந்திருப்பாள் போல. கையில் ஒரு மஞ்சப்பை வேறு இருந்தது. கார் நிற்கவில்லை. நான் நடுவில் உட்கார்ந்திருந்ததால் அக்காவின் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தேன். அம்மா பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள். அந்தப் பையில் என்ன வைத்திருந்தாள் என்று பிறகு கேட்க மறந்துவிட்டேன். இப்போது கேட்க ஆளில்லை.

ஆண்டிபட்டிக் கணவாய் வரைக்கும் எனக்கு ஒன்றும் செய்யவில்லை. முன் சீட்டில் பெரியப்பா, டிரைவருக்குப் பக்கத்தில். பின்னால் ஒரு ஜன்னல் பெரியம்மாவுக்கு, இன்னொரு ஜன்னல் அக்காவுக்கு. நடுவில் இருந்த எனக்குக் காற்று கிடையாது. சீட்டுக்கு மேலே போட்டிருந்த பிளாஸ்டிக் உறையை அழுக்காகக் கூடாது என்று பிரிக்காமலே வைத்திருந்தார்கள். அதன் வாடை, பெட்ரோல் வாடை, பெரியம்மாவின் மல்லிகைப்பூ, ஊதுபத்தி எல்லாம் சேர்ந்து அடித்தன. கம்பத்தில் சாப்பிட்ட பொங்கல் வேறு நெஞ்சில் நின்றது. குமுளி மலையில் மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் என்னால் முடியவில்லை. சொல்ல வாயைத் திறந்தேன், சொல்லுக்கு முன்னால் பொங்கல் வந்துவிட்டது. பாவாடையில் பாதி, பிளாஸ்டிக் உறையில் பாதி.

"அய்யய்யோ, புது வண்டியில!" என்று பெரியம்மா கத்தினார்.

"சனியனே, சொல்லித் தொலைய வேண்டியதுதானே" என்றார் பெரியப்பா.

அக்கா மூக்கைப் பிடித்துக்கொண்டு ஜன்னலோடு ஒட்டினாள். டிரைவர் காரை ஓரங்கட்டினார். பாறையில் வழிந்த தண்ணீரை வாளியில் பிடித்து, உறையைக் கழற்றிக் கழுவினார். என் பாவாடையிலும் ஒரு வாளி ஊற்றினார். ஈரப் பட்டு காலோடு ஒட்டி ஜில்லென்று இருந்தது. "எனக்கு இந்த வேலை வேற" என்று அவர் முணுமுணுத்தது எனக்குக் கேட்டது. அவர் ஒன்றும் தங்கமான மனுஷர் இல்லை, அவருக்கும் கோபம் வரும்.

காட்டுக்குள் கார் நுழைந்ததும் பகல் வெளிச்சம் பாதியாகிவிட்டது. உச்சி வேளையில் விளக்குப் போட வேண்டும் போல இருந்தது. எங்கள் ஊரில் மரம் என்றால் அதன் உச்சி தெரியும், எதிரே நிற்கிற ஆளும் தெரியும். இங்கே மரங்களுக்கு உச்சியே இல்லை. அடிமரம் சுவர் வைத்த மாதிரி விரிந்து நின்றது. கொடி சுற்றிய மரம், மரத்தின்மேல் முளைத்த மரம், அதன்மேல் பாசி. எங்கிருந்தோ சில்வண்டுகள் ஒரே மூச்சில் கத்தின, சட்டென்று நிறுத்தின, மறுபடி ஆரம்பித்தன. நனைந்த சாக்கும் பழுத்த இலையும் கலந்த ஒரு வாசம். அதை உள்ளே இழுத்ததும் என் குமட்டல் நின்றுவிட்டது. அப்போது என்னை யாராவது கேட்டிருந்தால் எனக்கு எதுவும் செய்யவில்லை என்று சத்தியம் செய்திருப்பேன். யாரும் கேட்கவில்லை.

படகுத்துறைக்கு இறங்கும் படிகளின் மேலே காரை நிறுத்தினார்கள். கீழே ஏரி. ஏரிக்குள் இலையில்லாத பட்ட மரங்கள் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றன. ஒவ்வொரு மரத்திலும் ஒரு கறுப்புப் பறவை இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தது. படகு புறப்படத் தயாராக உறுமியது. நான் ஓடிப்போய் முதல் படியில் நின்றேன்.

"இவளப் படகுல ஏத்தாதீங்க. அங்கயும் கொடலப் பெரட்டிக் கொட்டுவா. டிரைவரோட இருக்கட்டும்" என்றார் பெரியம்மா.

"அவளும் வரட்டும்மா" என்று அக்கா ஒரே ஒரு தரம் சொன்னாள். அதை மறைக்க மாட்டேன், சொன்னாள்.

"நீ சும்மா இரு."

என் கையிலிருந்த மயில் டப்பாவை மட்டும் பெரியம்மா வாங்கிக்கொண்டார், படகில் சாப்பிடுவதற்கு. மூன்று பேரும் நாலைந்து படி இறங்கினார்கள். திடீரென்று பெரியம்மா நின்றார்.

"ஏங்க. மூணு பேராவுல்ல போறோம்."

பெரியப்பா எரிச்சலோடு திரும்பினார். "அதுக்குத்தானே இவளக் கூட்டியாந்தது. இப்ப என்ன செய்யச் சொல்ற?"

"புது வண்டி, மொதப் பயணம், மூணாப் போகக் கூடாதுன்னுதான் நாலாவதா இவள ஏத்துனேன். இப்பிடிப் பண்ணுவான்னு யாரு கண்டா?" பெரியம்மா குனிந்து படி ஓரத்தில் தேடினார். ஒரு கல்லை எடுத்து முந்தானையில் துடைத்துக் கைப்பைக்குள் போட்டு மூடினார். "நாலாச்சு. வாங்க."

உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பெண் பார்க்கப் போனாலும் நகை எடுக்கப் போனாலும் நம் வீடுகளில் மூன்று பேராகப் படி இறங்க மாட்டார்கள். நாலாவதாக யாராவது கிடைத்தால் கூட்டிக்கொள்வார்கள். கிடைக்காவிட்டால் ஒரு கல்லை எடுத்து மடியில் முடிந்துகொள்வார்கள். கல்லும் ஓர் ஆள் கணக்கு. நீங்களும் செய்திருப்பீர்கள், நானும் செய்திருக்கிறேன். ஆனால் ஒன்பது வயதில், ஈரப் பாவாடையோடு, உங்கள் இடத்தில் ஒரு கல் படகேறிப் போவதை நீங்கள் நின்று பார்த்திருக்க மாட்டீர்கள். முதல் மார்க்கும் கிடையாது, கையெழுத்தும் கிடையாது. வீட்டிலிருந்தே ஏற வேண்டும் என்ற பிடிவாதம், வாசற்படியில் விரல் நீட்டி எண்ணியது எல்லாம் எதற்கென்று அந்த ஒரு நிமிஷத்தில் புரிந்துவிட்டது. கணக்கில் நான் எப்போதுமே கெட்டி.

படகு போனது. தகரக் கூரை, கம்பி ஓரத்தில் அக்காவின் சிவப்பு ரிப்பன். வளைவில் திரும்பி மறைந்தது. நான் அந்த வளைவையே பார்த்துக்கொண்டு நின்றேன். அழுதேனா என்றால் அழுதேன், சத்தம் வராமல்.

டிரைவர் படியில் உட்கார்ந்து வெற்றிலை மடித்தார். அவரும் விடியற்காலையிலிருந்து ஓட்டியவர். "வாய மூடிக்கிட்டு வந்திருந்தா நீயும் போயிருக்கலாம்ல பாப்பா" என்றார் முதலில். மழை தூற ஆரம்பித்தது. எங்கள் ஊரில் மழை வருவது மண் வாசனையில் தெரியும். இங்கே மழை மேலே இலைகளில் விழும் சத்தம்தான் வந்தது, தண்ணீர் கீழே வர வெகு நேரம் ஆனது. என்னை அவர் ஒரு பெரிய மரத்தடிக்கு இழுத்துப்போனார். வேர்ச் சுவருக்கு இடையில் இரண்டு பேரும் நின்றோம்.

"எதுக்கு அழுகுற?"

"எனக்குப் பதிலா கல்லக் கூட்டிட்டுப் போறாங்க டிரைவர் அண்ணே."

அவர் சிரிக்கவில்லை. வெற்றிலையைத் துப்பிவிட்டு, "நான் ஒன்னு கேக்குறேன், சொல்லு" என்றார். "மொதலாளி ஒண்ணு, அம்மா ரெண்டு, அந்தப் பாப்பா மூணு. மருதையிலருந்து இம்புட்டுத் தூரம் வண்டிய ஓட்டிட்டு வாரேனே, நான் யாரு? என்னையச் சேத்தா நாலுதானே? அப்பறம் நீ எதுக்கு, கல்லு எதுக்கு? எண்ணத் தெரியாதா இவங்களுக்கு?"

அவர் குரல் உயர்ந்தது. எனக்கு அது அப்போது வேடிக்கையாகக்கூட இருந்தது. டிரைவரைப் போய் யாராவது எண்ணுவார்களா என்று நினைத்தேன். உண்மையைச் சொல்கிறேன், அப்படித்தான் நினைத்தேன்.

அப்புறம்தான் காலைப் பார்த்தேன். கொலுசுக்குக் கீழே கறுப்பாக விரல் மொத்தத்தில் ஏதோ தொங்கியது. விரலிடுக்கில் இன்னொன்று. வலியே இல்லை, ரத்தம் மட்டும் வழிந்தது. நான் அலறினேன். "அட்டைப்பூச்சிதான், பயப்படாத" என்று டிரைவர் வெற்றிலைப் பொட்டலத்திலிருந்து சுண்ணாம்பு எடுத்துத் தடவினார். அட்டை சுருண்டு விழுந்தது. கணுக்காலில் அதன் தழும்பு இன்றும் மிளகளவுக்கு இருக்கிறது. தேக்கடி போனதற்கு என்னிடம் இருக்கிற ஒரே அத்தாட்சி அதுதான்.

இரண்டு மணி நேரம் அந்த மரத்தடியில் நின்றேன். இப்போது டி.வி.யில் மழைக்காட்டைக் காட்டினால் கண் கொட்டாமல் பார்க்கிறேன். இருவாச்சி என்று ஒரு பறவை, பறந்தால் அதன் இறக்கைச் சத்தம் தனியாகக் கேட்குமாம். அன்றைக்கு என் தலைக்கு மேலே புஸ் புஸ்ஸென்று ஏதோ ஒன்று கடந்துபோனது, நான் நிமிரவில்லை. கருமந்திகள் உள்ளே எங்கோ ஊளையிட்டன, நான் திரும்பவில்லை. காடு முழுக்க என் முதுகுக்குப் பின்னால்தான் இருந்தது. நான் படகு போன வளைவையே பார்த்துக்கொண்டு நின்றேன். யானை போனால் போகிறது தோழிகளே, அந்தக் காட்டை என்னைப் பார்க்கவிடாமல் செய்துவிட்டார்களே என்றுதான் இன்றும் வயிறு எரிகிறது.

படகு திரும்பியது. ஏழு யானை, அதில் ஒன்று குட்டி என்று பெரியப்பா படியேறும்போதே சத்தமாகச் சொல்லிக்கொண்டு வந்தார். பெரியம்மா கையில் டப்பா இல்லை. நான் கேட்டதும், "அடடா, படகுலயே விட்டுட்டேன்டி. போகுது, பழைய டப்பாதானே" என்றார். காரில் ஏறியதும் கைப்பையைத் திறந்து கல்லை எடுத்து, "இனி இது எதுக்கு, தூக்கிப் போடு" என்று அக்காவிடம் கொடுத்தார். அக்கா போடவில்லை. என் உள்ளங்கையைப் பிரித்து வைத்தாள்.

"இந்தா, நீ வச்சுக்க. ஒனக்குப் பதிலா வந்துச்சுல்ல."

கேலிக்குச் சொன்னாளா, ஆறுதலுக்குச் சொன்னாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு கருங்கல், ஒரு பக்கம் வெள்ளை ரேகை. பெரியம்மாவின் பையிலிருந்த பவுடர் வாசம் அதில் அடித்தது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "யானையப் பாத்தியாடி?"

அவள் முகத்தில் இருந்த ஆசையைப் பார்த்தேன். இடுப்பில் தண்ணீர்க் குடம், வெடித்த உதடு, காலெல்லாம் புழுதி. பாழாய்ப்போன பட்டுப் பாவாடையை அவள் இன்னும் கவனிக்கவில்லை.

"பாத்தேம்மா. ஏழு. ஒண்ணு குட்டி" என்றேன்.

அவ்வளவுதான். அந்தப் பொய்க்குள்ளேயே குடியிருக்க வேண்டியதாகிவிட்டது. டீச்சருக்குக் கட்டுரை எழுதினேன், வகுப்பில் படித்துக் காட்டச் சொன்னார்கள், கைதட்டினார்கள். அம்மா தெருவெல்லாம் சொன்னாள். அதுகூடப் பரவாயில்லை. மறு வருஷம் அக்கா பெரியமனுஷி ஆகிச் சடங்கு வைத்தபோது, மூன்று நாள் முன்னதாகவே திருநகருக்குப் போய் அம்மா மாவாட்டினாள், பாத்திரம் தேய்த்தாள், பந்திக்கு இலை எடுத்தாள். கை கொப்பளித்துவிட்டது. ஏம்மா இப்படிச் சாகிறாய் என்று கேட்டதற்கு, "ஒன்னையக் காரில வச்சு யானை காமிச்ச மகராசிடி. நான் வேற என்ன செஞ்சு கடன் தீர்க்க?" என்றாள். அதைப் பெரியம்மாவிடமும் கூட்டத்துக்கு நடுவில் போய்ச் சொன்னாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். பெரியம்மா என்னைப் பார்த்தார். ஒரு வார்த்தை போதும், 'இல்லத்தா, அவ படகுல ஏறல' என்று. பெரியம்மா தலைப்பூவைச் சரிசெய்துகொண்டார்.

"அதுக்கென்னத்தா. நம்ம புள்ளதானே."

நானும் வாயைத் திறக்கவில்லை. அதனால் பெரியம்மாவை மட்டும் திட்டவும் எனக்கு வாயில்லை. அம்மா அந்த மயில் டப்பாவைப் பற்றி என்னிடம் மட்டும் எப்போதாவது கேட்பாள். பெரியம்மாவிடம் ஒரு நாளும் கேட்கவில்லை. சில நேரம் இப்படியும் யோசிக்கிறேன். மூன்று பேர், புது வண்டி, முதல் பயணம். இது அம்மாவுக்கா தெரியாது? தெரிந்தேதான் பட்டுச் சேலையை வெட்டினாளோ? எந்தக் காரணத்துக்காகவாவது என் பிள்ளை ஒரு தரம் காடு பார்த்துவிட்டு வரட்டும் என்று நினைத்தாளோ? அப்படியென்றால் என் பொய் அவளை யானையில் ஒரு தரம், காட்டில் ஒரு தரம் என்று இரண்டு தரம் ஏமாற்றியிருக்கிறது.

டிரைவரை அந்தத் தீபாவளிக்குள் நிறுத்திவிட்டார்கள். ஏனென்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. பிறகு கோரிப்பாளையம் சிக்னலில் பஸ் நிற்கும்போதெல்லாம் கடை வாசல்களில் அவர் முகத்தைத் தேடுவேன். கொஞ்ச வருஷத்தில் அதுவும் விட்டுப்போயிற்று. நான் படித்து, டீச்சராகி, ஓய்வும் பெற்றேன். கல் மட்டும் கூடவே வந்தது. முப்பது வருஷம் என் மேஜையில் தாள் பறக்காமல் இருக்க அதைத்தான் வைத்தேன். பிள்ளைகள் கேட்டால், தேக்கடியில் எடுத்தது என்பேன். அது மட்டும் பொய் இல்லை.

இப்போது போன வாரக் கதைக்கு வருகிறேன். அக்காவிடமிருந்து போன் வந்தது. பெரியப்பாவும் பெரியம்மாவும் போய்ச் சேர்ந்து வெகு காலம் ஆகிவிட்டது. அக்கா அதே திருநகர் வீட்டில்தான் இருக்கிறாள், எனக்கு நாலு தெரு தள்ளி. நல்லது கெட்டதுக்குப் பார்த்துக்கொள்வதோடு சரி.

"மகளும் மருமகனும் வெளிநாட்லருந்து வந்திருக்காகடி. புதுசாக் கார் எடுத்திருக்கோம். சனிக்கெழம தேக்கடி போறோம். நீயும் வாயேன்."

நான் எண்ணிவிட்டேன். அறுபது வயதிலும் கை தானாகவே எண்ணுகிறது.

"மூணு பேராக்கா?"

"ஆமா. அம்மா இருந்தா மூணாப் போக விடுவாகளா?" என்று சிரித்தாள் அக்கா. "நீ வந்தா நாலாயிரும்."

"கல்லு எங்கிட்டத்தான் இருக்கு. குடுத்து விடவா?"

"என்ன கல்லு?"

சொன்னேன். ஐம்பது வருஷத்துக்கும் மேலே யாரிடமும் சொல்லாததைப் போனில் சொன்னேன். படி, கைப்பை, 'நாலாச்சு', கரை, அட்டை எல்லாம். மனசு இளகி மன்னிப்புக் கேட்கப் போகிறாள் என்று, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எதிர்பார்த்தேன்.

"என்னடி ஒளர்ற?" என்றாள் அக்கா. "நீ படகுல வந்தியே. வாந்தி எடுத்த அசதியில என் மடியில படுத்துத் தூங்கிட்டே வந்த. யானை வந்தப்ப நான்தானே ஒன்னைய உலுக்கி எழுப்பினேன்? நாலு பேரும் ஒண்ணாத்தானே பாத்தோம். ஒங்கம்மாவே எத்தன தரம் சொல்லியிருக்காக."

அவள் பொய் சொல்லவில்லை. அது எனக்கு நன்றாகத் தெரிந்தது. அவளுடைய படகில் நான் இருக்கிறேன், அவள் மடியில் தலை வைத்துத் தூங்குகிறேன். அதில் பாதி நான் சொன்ன பொய், மீதியைக் காலம் தைத்துக் கொடுத்துவிட்டது. இனிமேல் அந்தக் கரையில் நான் நின்றதற்குச் சாட்சி கிடையாது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. "சரிக்கா, முட்டி வலி, வர முடியாது" என்று போனை வைத்துவிட்டேன்.

சனிக்கிழமை விடியற்காலையில் அக்கா வீட்டு வாசலுக்குப் போனேன், கல்லை எடுத்துக்கொண்டு. வெள்ளைக் கார், கண்ணாடியில் மாலை, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம். பின் சீட்டில் அக்காவும் மகளும், முன்னால் மருமகன். நான் ஜன்னல் வழியாகக் கல்லை நீட்டினேன்.

"இது எதுக்குடி?" என்றாள் அக்கா.

"நாலாவது ஆளு."

அவளுக்குப் புரிந்ததா இல்லையா, வாங்கிக் கதவுப் பையில் தண்ணீர் பாட்டிலோடு போட்டாள். எலுமிச்சம்பழம் நசுங்கியது. நான் தெருவில் நின்று, பெரியம்மா போலவே விரலை நீட்டி எண்ணினேன். மகள் ஒன்று, மருமகன் இரண்டு, அக்கா மூன்று, கல் நாலு. கணக்கு சரியாக இருந்தது. எனக்குக் கொஞ்சம் திருப்தியாகக்கூட இருந்தது.

கார் திரும்பும்போது முன் கண்ணாடியில் ஒரு முகம் தெரிந்தது. மலைப்பாதைக்கென்று வரவழைத்த ஆக்டிங் டிரைவர், முப்பது வயசு இருக்கும். என்னைப் பார்த்து, "வாரேம்மா" என்று தலையசைத்துவிட்டுப் போனார்.

அவரை நானும் எண்ணவில்லை.